குடியிருப்புச் சீட்டும் நம் குடும்பங்களும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

ஆண்டு விழா மேடையிலே இலக்கியம் பேசுவதும் இசையின் பெருமை பேசுவதும் நம் மரபு. இன்று நான் ஒரு சிறு சீட்டைப் பற்றிப் பேச விரும்புகிறேன். அதற்கு 'இகாமா' என்று பெயர். சவூதி அரேபியாவில் பணிபுரியும் அயல்நாட்டார் ஒவ்வொருவரும் பெற்றிருக்க வேண்டிய குடியிருப்பு அனுமதி அது. நம் காலனியில் அச்சொல்லை அறியாத வீடுகள் மிகச் சிலவே. ஆயினும், அது எந்த நாளில் முடிகிறது என்று நம் வீடுகளில் எத்தனை பேருக்குத் தெரியும்?

இக்கேள்வியை நான் கேட்பதற்குக் காரணம் உண்டு. என் தமக்கையின் மூத்த மகன் ஜித்தாவில் ஒரு கட்டுமான நிறுவனத்தில் பணியாற்றினான். 2016-ஆம் ஆண்டு, எண்ணெய் விலை சரிந்திருந்த காலம். மாதக்கணக்கில் ஊதியம் இல்லை. ஊதியம் கொடாத நிறுவனம் இகாமாவையும் புதுப்பிக்கவில்லை. அவ்வேளையில் அத்தான் இங்கே காலமானார். இகாமா காலாவதியானவனுக்கு நாட்டை விட்டு வெளியேறும் விசா கிடைப்பது அரிது. பிள்ளை அங்கே தவித்தான். இளையவன் இங்கே கொள்ளி வைத்தான். அவ்வாண்டு ஆகஸ்டு மாதம் மத்திய இணையமைச்சர் வி. கே. சிங் ஜித்தா சென்று பேசிய பிறகே, அவனைப் போன்ற தொழிலாளர் பலருக்கு வெளியேறும் விசா கிடைத்தது. அவன் வீட்டு வாசலில் வந்து நின்றபோது கருமம் முடிந்து இரண்டு மாதம் கழிந்திருந்தது. என் தமக்கை அவனைக் கேட்ட முதற் கேள்வி, "ஏனப்பா முன்பே சொல்லவில்லை?" என்பதே. அவன் சொன்னான்: "அம்மா, முடிந்துவிட்டது என்று எனக்கே மூன்று மாதம் கழித்துத்தான் தெரிந்தது."

அன்பர்களே! குடியிருப்புச் சான்று என்பது நமக்குப் புதியதன்று. இந்நகரில் நம் முன்னோர் பட்ட பாட்டை மூத்தோர் அறிவர். 1919-ஆம் ஆண்டு நிஜாம் அரசு வகுத்த முல்கி விதிகளின்படி, வெளியூரிலிருந்து வந்து குடியேறியவர் அரசுப் பணி பெற வேண்டுமாயின், பதினைந்து ஆண்டுகள் இங்கு நிலையாக வாழ்ந்திருக்க வேண்டும். அதனோடு, பழைய ஊருக்குத் திரும்பும் எண்ணத்தைக் கைவிட்டேன் என்று உறுதிமொழிப் பத்திரமும் எழுதிக் கொடுக்க வேண்டும். 1952-இல் முல்கிக் கிளர்ச்சி எழுந்தபோது 'இட்லி சாம்பார் திரும்பிப் போ' என்ற முழக்கம் இத்தெருக்களிலே கேட்டது. அவ்விதிகள் நீதிமன்றம் வரை சென்று, 1973-இல் நாடாளுமன்றச் சட்டத்தால் நீக்கப்பட்டன.

இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். முல்கி விதி கடுமையானதுதான். எனினும் பதினைந்து ஆண்டு கடந்தால் ஒரு கதவு திறந்தது. இகாமா வாங்கி உழைக்கும் சாதாரணத் தொழிலாளிக்கு அப்படியொரு கதவு இல்லை. முப்பது ஆண்டு உழைத்தாலும் முதல் நாள் வந்தவனைப் போலவே அவன் அனுமதியைப் புதுப்பித்துக்கொண்டே இருத்தல் வேண்டும். அதையும் அவன் தானே சென்று புதுப்பிக்க இயலாது. அவனை வரவழைத்த முதலாளியே புதுப்பிக்க வேண்டும். முதலாளி தவறினால் சட்டத்தின் முன் குற்றவாளியாய் நிற்பவனோ தொழிலாளி!

சட்டம் இதை உணராமல் இல்லை. இகாமாவுக்கும் வேலை அனுமதிக்கும் ஆகும் கட்டணத்தையும், தாமதத்தால் வரும் தண்டத்தையும் முதலாளியே ஏற்க வேண்டும் என்று சவூதித் தொழிற் சட்டத்தின் 40-ஆம் பிரிவு கூறுகிறது. 2021 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த சீர்திருத்தத்தின்படி, மூன்று மாதம் தொடர்ந்து ஊதியம் தராத முதலாளியிடமிருந்தும், அனுமதியைக் காலாவதியாக விட்ட முதலாளியிடமிருந்தும், அவர் இசைவின்றியே வேறிடத்திற்கு மாறலாம். ஆனால் வீட்டு வேலை செய்வோர்க்கும் வீட்டு வாகனம் ஓட்டுவோர்க்கும் அச்சீர்திருத்தம் பொருந்தவில்லை. நம் நகரிலிருந்து அவ்வேலைக்குச் செல்வோர் பலர் என்பதை மறவாதீர்கள்.

குடும்பத்தோடு வாழ்வோரின் நிலை வேறு. 2017 ஜூலை முதல், உடன் வாழும் மனைவி மக்கள் ஒவ்வொருவருக்கும் மாதம் 100 ரியால் கட்டணம் விதிக்கப்பட்டது; ஆண்டுதோறும் 100 கூடி 2020-இல் அது 400 ஆயிற்று. மனைவியும் இரு குழந்தைகளும் உள்ளவருக்கு ஆண்டொன்றுக்கு 14,400 ரியால்! இகாமாவைப் புதுப்பிக்கும்போதே அதையும் கட்ட வேண்டியிருந்தது. கட்ட இயலாமல் குடும்பத்தை இங்கு அனுப்பிவிட்டுத் தனித்திருந்தவர்கள் எத்தனை பேர்! விழா நாட்களில் நம் பந்தியிலே தந்தையின்றி அமர்ந்த பிள்ளைகளை நாம் கண்டோம் அன்றோ?

இனி, நாம் செய்யத்தக்கது யாது? என் சிற்றறிவுக்கு எட்டியவற்றைச் சொல்கிறேன்.

முதலாவது, நாளை அறிந்திருங்கள். ஐந்தாண்டுக்கான அட்டை கையில் இருக்கிறதென்று அமைதி கொள்ளற்க. அட்டை செல்லுவதாய்த் தோன்றும். உள்ளே அனுமதி முடிந்திருக்கும். 'அப்ஷர்' என்னும் அரசுத் தளத்தில் பிள்ளை தானே பார்த்துச் சொல்லட்டும். ஹிஜ்ரி நாளாக இருந்தால் கவனம் மிக வேண்டும். அவ்வாண்டு நம் ஆண்டைவிடப் பதினோரு நாள் அளவு குறைந்தது.

இரண்டாவது, பாஸ்போர்ட்டைக் கவனியுங்கள். அது காலாவதியானால் இகாமாவும் இடர்ப்படும். 1967-ஆம் ஆண்டுப் பாஸ்போர்ட் சட்டப்படி அது இந்திய அரசின் உடைமை. அதைப் பறித்து வைக்க எந்த முதலாளிக்கும் உரிமை இல்லை.

மூன்றாவது, புறப்படும் முன்னரே ஹைதராபாதில் உள்ள குடிபெயர்வோர் பாதுகாப்பு அலுவலகத்தை நாடி, முகவர் பதிவு பெற்றவர்தாமா என்று கேளுங்கள். ஒப்பந்தத்தின் நகல் ஒன்று வீட்டில் இருக்கட்டும். இடர் வந்தபின் இந்தியத் தூதரகத்துக்கு எழுதுவதற்கு அந்நகலே துணை.

நான்காவது, தாய்மார்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டு நாட்காட்டியிலே அமாவாசையையும் கிருத்திகையையும் குறிக்கிறீர்கள். அத்தோடு, பிள்ளையின் இகாமா முடியும் நாளையும், அதற்கு மூன்று மாதம் முந்திய நாளையும் வட்டமிட்டு வையுங்கள். அந்த முதல் வட்டம் வந்ததும், "புதுப்பித்தாயிற்றா?" என்று கேளுங்கள். பணம் வந்ததா என்று கேட்கும் முன் இதைக் கேளுங்கள். நம்மை வருத்தக் கூடாதென்று அவர்கள் மறைப்பார்கள்; நாம் கேட்டால்தான் சொல்வார்கள்.

என் தமக்கையின் வீட்டு நாட்காட்டியில் இன்று அப்படியொரு வட்டம் இருக்கிறது. இளையவன் இப்போது தம்மாமில் இருக்கிறான். அந்த வட்டம் ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் இருக்குமாயின், இந்த உரை பயன் பெற்றதாகக் கருதுவேன்.