உரோனாவை மூழ்குவித்த கணை



ஏவுகணை என்றதும் விண்ணைத் துளைத்து மேலேறும் கணையையே நம்மில் பலர் நினைக்கின்றோம். வானூர்தியினின்று விடுபட்டுத் தரையையும் கடலையும் நோக்கி இறங்கும் கணையைப் பற்றியே இன்று பேச வந்துள்ளேன். எங்கோ நடந்ததுதானே என்று எண்ணற்க. நம் கடற்கரை நன்கறிந்த ஒரு கப்பலும் இதனுள் வருகின்றது.

இரண்டாம் உலகப்போரில் செருமானியப் பொறிஞர் எர்பெர்ட்டு வாகுனரின் குழு, என்செல் 293 என்னும் கணையை வடித்தது. சிறகு முளைத்த குண்டு என்றே அதனைச் சொல்லலாம். எடை ஏறத்தாழ ஆயிரம் கிலோ. வானூர்தியை விட்டு நீங்கியதும் அதன் அடியிலிருந்த உந்துபொறி சில நொடிகளே எரியும். பின்னர் காற்றில் வழுக்கியவாறே அஃது இறங்கும். வானூர்தியில் அமர்ந்த ஒருவன், கணையின் வாலில் எரியும் சுடரைக் கண்ணால் தொடர்ந்து, சிறு பிடி ஒன்றை அசைப்பான். அவ்வசைவு வானொலி அலையாய்ச் சென்று கணையைத் திருப்பும். கணைக்குக் கண் இல்லை, கண்ணெல்லாம் ஏவியவனுடையதே! 27.8.1943 அன்று ஆங்கிலேயரின் 'ஈகிரெட்டு' என்னும் போர்க்கப்பல் இக்கணைக்கு இரையாயிற்று.

ஆயினும், கணை குறியைத் தொடும்வரை ஏவிய வானூர்தி விலகியோட இயலாது. அதன் அலைவரிசையைப் பின்னர்க் கண்டறிந்த ஆங்கிலேயரும் அமெரிக்கரும், எதிரலை எழுப்பிக் கணைகளைத் தடுமாறச் செய்தனர். அதற்குமுன் மாண்டவர் மாண்டவரே.

இனி உரோனாவுக்கு வருவோம். 1926-இல் கட்டப்பெற்ற இக்கப்பல், தன் உடன்பிறப்பாகிய இரசூலாவைப் போலவே, சென்னை, நாகை, சிங்கப்பூர் வழித்தடத்திற்கென அமைந்தது. மலையாத் தோட்டங்களுக்குச் சென்ற நம் மக்களின் கண்ணீரை அறிந்த கலங்கள் இவை! போர் வந்ததும் உரோனா படைவீரரைச் சுமக்கலாயிற்று. 26.11.1943 அன்று, அமெரிக்கப் படையினரோடு சூயசு வழியே இந்தியா நோக்கி வருகையில், அல்சீரியக் கரைக்கப்பால் ஒரே ஒரு கணை அதன் இடப்புறத்தைப் பிளந்தது. அமெரிக்கர் மட்டும் 1,015 பேர் மாண்டனர். கப்பற் பணியாளருள் பெரும்பாலார் இந்தியர். அவருள்ளும் நூற்றுக்கு மேற்பட்டோர் மடிந்தனர்.

கொடுமை அதனோடு முடியவில்லை. கணையின் வெற்றியைப் பகைவன் அறியலாகாதென்று அமெரிக்க அரசு செய்தியை மறைத்தது. மகன் எங்கே, எவ்வாறு இறந்தான் என்பதறியாமலே பெற்றோர் பலர் காத்துக் கிடந்தனர். 2000-ஆம் ஆண்டில்தான் அமெரிக்கப் பேராயம் அவர்களை முறையாக நினைந்து போற்றியது.

இரசூலாவோ போரைக் கடந்து, 1970-களின் தொடக்கம்வரை சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் ஓடியது. அதிலேறி வந்தவருள் எத்தனை பேர் உரோனாவின் பெயரைக் கேட்டிருப்பர்?