தாயை எங்கிருந்து பார்த்தார்கள்?

கும்பப்பூ நடவில் குனிந்து நிற்கிற பெண்ணை வரப்பில் நின்று பார்ப்பவருக்கு முதுகு மட்டும்தான் தெரியும். மனம் எங்கே தெரியப்போகிறது? சேற்றில் இறங்கி, அவள் நிமிரும்போது அண்ணாந்து பாருங்கள். பின்னால் வேளிமலை, மேலே வானம், நடுவில் அவள்! ஆள் ஒருத்திதான், பார்க்கிற இடம்தான் வேறு.

சோவியத் டைரக்டர் புதோவ்கின் 1926-ல் ‘தாய்’ படத்தில் இதைத்தான் செய்தார். கார்க்கியின் நாவலை நம்மில் பலர் படித்திருக்கிறோம். படமோ ஊமைப்படம், தாய் வாய்விட்டுச் சொல்ல வழியில்லை. காமிராக்காரர் கொலோவ்னியா என்ன செய்தார்? குடிகாரப் புருஷனிடம் அடிபட்ட நாட்களில் அவளை மேலிருந்து பிடித்தார். தரையோடு ஒட்டிப்போன ஜீவனாகத் தெரிகிறாள். கடைசியில் கொடியை ஏந்தும்போது காமிரா கீழே இறங்கிவிடுகிறது. குதிரைப் பட்டாளம் பாய்ந்து வருகிறது. அவளோ வானளாவ நிற்கிறாள். பயம் போன கதையை வசனமா சொல்லிற்று?

மகன் சிறையில். நாளை விடுதலை என்று ரகசியச் சீட்டு வருகிறது. அவன் சிரிக்கும் முகத்தைக் காட்டவில்லை. நடுங்கும் கைகள், உதட்டோரம், பிறகு வெயிலில் துள்ளும் ஓடை, குளத்துப் பறவைகள், சிரிக்கும் குழந்தை. நம்மூர்ப் படமானால் ஒரு பாட்டு வைத்திருப்பார்கள்!

புதோவ்கின் 1950-களின் தொடக்கத்தில் கல்கத்தா வந்தபோது, நிமாய் கோஷின் ‘சின்னமூல்’ (1950) பார்த்துப் பாராட்டினார். அந்த நிமாய் கோஷ்தான் சென்னைக்கு வந்து, 1960-ல் ‘பாதை தெரியுது பார்’ எடுத்தவர். அடுத்த முறை கொட்டகைக்குப் போகையில் கதாநாயகனை விடுங்கள். கூலிக்காரனை எந்த உயரத்திலிருந்து காட்டுகிறார்கள் என்று பார்த்து வாருங்கள், பேசுவோம்.