பழைய சான்றிதழும் புதிய நோயும்

(அஸ்தினாபுரத்தில் நடைபெற்ற மகாவீரர் ஜெயந்தி விழாவில் ஆற்றிய உரை)

 

நால்வகைத் தானங்களுள் ஔஷத தானத்தைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்தார்கள். அத்தலைப்பின் நிழலிலே நின்று, நம் வீட்டுப் பீரோக்களில் உறங்கும் ஒரு காகிதத்தைப் பற்றிச் சொல்ல விழைகிறேன்.

என் தமக்கையாருக்குக் குழந்தைப் பருவத்தில் இளம்பிள்ளை வாதம் கண்டு வலக்கால் சூம்பிற்று. வந்தவாசிப் பக்கத்துக் கிராமத்தில் இருந்தபோது 50 விழுக்காடு என்று சான்றிதழ் பெற்றார். பின்னர் மகனோடு இங்கே வந்து சேர்ந்தார். நான்கு ஆண்டுகளுக்கு முன் கை நடுங்கத் தொடங்கியது. பார்க்கின்சன் என்னும் நடுக்குவாதம் என்றார் மருத்துவர். நாங்கள் என்ன செய்தோம்? மாத்திரை வாங்கினோம், முதுமை என்றோம், முன்வினை என்றோம். சான்றிதழை எடுத்துப் பார்க்கவில்லை. ஓர் அலுவலகத்தில் விசாரித்தபோதும், "கால் ஊனத்திற்குத்தான் அட்டை இருக்கிறதே, மறுபடியும் எதற்கு?" என்று திருப்பி அனுப்பினார்கள். அதனை நம்பி ஓராண்டை இழந்தோம்.

சான்றிதழ் என்பது ஒருநாள் எடுத்த புகைப்படம் போன்றது. அன்று மருத்துவர் கண்டது மட்டுமே அதில் இருக்கும். பின்னால் வந்த நோயை நாமே சென்று சொன்னாலன்றி எவரும் எழுதிச் சேர்க்கமாட்டார்கள்.

மற்றொன்றும் உண்டு. 1995ஆம் ஆண்டின் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளை மட்டுமே ஏற்றது. அதன் இடத்தில் வந்த 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறைக்கு வந்து, பட்டியலை 21 ஆக்கிற்று. பார்க்கின்சன், தண்டுவட மரப்பு நோய், தசைச் சிதைவு, தலசீமியா, ஹீமோபிலியா, புறவுலகச் சிந்தனையற்ற நிலையாகிய ஆட்டிசம், கற்றல் குறைபாடு ஆகியன அதில் உள்ளன. ஆகவே, பழைய சான்றிதழ் எழுதப்பட்ட நாளில் இடமே இல்லாதிருந்த நோய்க்கு இன்று இடம் இருக்கிறது. சர்க்கரை நோயும் இரத்த அழுத்தமும் பட்டியலில் இல்லை. ஆனால் சர்க்கரையால் பார்வை மங்கினாலோ கால் துண்டிக்கப்பட்டாலோ அவ்விளைவு கணக்கில் வரும். இந்த வேறுபாட்டைப் பலர் அறியாமல் அலைகிறார்கள்.

சேர்க்கும் முறை எளிதே. தனித்துவ அடையாள அட்டையாகிய யூ.டி.ஐ.டி., பழைய சான்றிதழ், ஆதார், புகைப்படம், இவற்றோடு புதிய நோய்க்குச் சிகிச்சை அளிக்கும் சிறப்பு மருத்துவரின் குறிப்புகள் வேண்டும். இவற்றில் கடைசியே முதன்மையானது. மருந்துச் சீட்டுகளைக் கிழித்தெறியும் வழக்கத்தை இன்றோடு விடுங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட குறைபாடுகளுக்கு 2017ஆம் ஆண்டின் விதிகளில் தனிப் படிவமே உண்டு. சான்று வழங்க மறுத்தால் காரணத்தை எழுத்தில் தரவேண்டும் என்றும், மேல்முறையீடு செய்யலாம் என்றும் இருக்கிறது. வாயால் சொன்ன மறுப்பை ஏற்றுத் திரும்பியது எங்கள் பிழை. ஊரிலிருந்து வந்தவர்கள் முதலில் முகவரியைச் செங்கற்பட்டு மாவட்டத்திற்கு மாற்றிக்கொள்ளவேண்டும். பலவகைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனம் நமக்குத் தொலைவில் இல்லை. முட்டுக்காட்டில் 2005ஆம் ஆண்டிலிருந்து இயங்குகிறது.

கணக்கில் ஒரு குழப்பம் நேரும். தமக்கையாரின் கால் 50, நடுக்குவாதம் 40 என்று குழு மதிப்பிட்டதும், மருமகன் 90 என்று கூட்டி மகிழ்ந்தான். எழுதப்பட்டதோ 68. "கூட்டல் தவறிவிட்டது மாமா" என்று என்னிடம் ஓடிவந்தான். நான் தமிழாசிரியன், கணக்கு எனக்குப் பகை. ஆயினும் உட்கார்ந்து பார்த்தேன். பெரிய எண்ணை முழுதாக எடுத்துக்கொள்கிறார்கள். அதனை 90இலிருந்து கழித்து, மீதியைச் சிறிய எண்ணால் பெருக்கி, 90ஆல் வகுத்துக் கூட்டுகிறார்கள். 50உடன் 17.8 சேர்ந்து 67.8, அதாவது 68. தவறு எங்கள் கூட்டலில்தான்.

68 ஆனதால் பயன் என்ன என்று கேட்பீர்கள். கடுமையாகப் பாதிக்கப்பட்டோருக்கான மாநில அரசின் பராமரிப்பு உதவித்தொகைக்கு 75 விழுக்காடு வேண்டும். கால் ஊனம் மட்டும் எழுதப்பட்டிருந்த வரையில் அவருக்கு அந்தக் கதவு திறவாது. ஆனால் பார்க்கின்சன் நோயினரை அதே உதவித்தொகையில் தனி இனமாக அரசு வைத்திருக்கிறது. அந்த நோயின் பெயர் சான்றிதழில் இருந்தால்தான் அவ்வினத்தில் விண்ணப்பிக்க இயலும். தொகை 2023 ஜனவரி முதல் மாதம் 2000 ரூபாய். மாத்திரைச் செலவு அறிந்தவர்களுக்கு அதன் அருமை புரியும்.

இதையெல்லாம் சொல்லும்போது ஒரு பெரியவர், "அசாதா வேதனீயத்தின் பயனை நுகர்ந்துதானே ஆகவேண்டும், அரசிடம் போய் நிற்பதா?" என்றார். நம் கொள்கையை நானும் மறுக்கவில்லை. ஆனால் அதே சமயம்தானே வையாவிருத்தியத்தை அகத்தவங்கள் ஆறனுள் ஒன்றாக வைத்தது? துறவியருக்குச் செய்யும் பணிவிடையாக அதனைச் சொன்னார்கள் என்பது உண்மை. இல்லத்துள் நடுங்கும் கையோடு அமர்ந்திருக்கும் தாய்க்கு அது பொருந்தாதா? வினையை நுகர்பவர் அவர்; விண்ணப்பத்தை நிரப்பவேண்டியவர்கள் நாம். மேலும், இது யாசகம் அன்று, சட்டம் தந்த உரிமை.

தமக்கையார் இன்று முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார். விண்ணப்பத்தில் கையொப்பமிட முடியாமல் பெருவிரல் ரேகை வைத்ததைத்தான் பெரிய வருத்தமாகச் சொல்கிறார், அந்நாளைய எஸ்.எஸ்.எல்.சி. அல்லவா! உங்கள் வீட்டுப் பீரோவிலும் பழைய சான்றிதழ் இருக்குமானால், விருந்து முடிந்தபின் என்னிடம் வாருங்கள். கண்ணாடியும் பேனாவும் கொண்டுவந்திருக்கிறேன்.