கொடி விழுந்த நாள்



இந்தச் சொற்பொழிவை நடத்தும் அறக்கட்டளையை நிறுவிய பெரியவர் தறிக்காரர் வீட்டில் பிறந்தவர். நானும் தறியிலிருந்தே தொடங்குகிறேன். அருப்புக்கோட்டையில் கைத்தறி ஓடிய வீடுகளில் பழைய பாவு முடியும்போது, அதன் ஒவ்வோர் இழைமுனையோடும் புதுப் பாவின் முனையைச் சேர்த்து, விரலில் சாம்பல் தொட்டு முறுக்கிப் பிணைப்பார்கள். முறுக்கு சரியாக விழாத ஓர் இழை போதும், துணி கெட்டுவிடும்.

உடம்பிலும் இந்தப் பிணைப்பு ஓயாமல் நடக்கிறது. அதைச் செய்யும் புரதக் குடும்பம் ஒன்றுக்கு 1986இல் ரிச்சர்ட் ஹைன்ஸ் குழு இன்டெக்ரின் என்று பெயரிட்டது.

திருச்சுழிப் பக்கம் காட்டில் நடக்கிறவர் காலில் கருவேல முள் தைக்கிறது. இரத்தத்தோடு அடித்துக்கொண்டு போகும் வெள்ளணு அந்த இடத்தில் நின்றாக வேண்டும். முதலில் செலக்டின் என்னும் புரதம் அதை மெல்லத் தடுக்க, வெள்ளணு இரத்தக் குழாய்ச் சுவரில் உருள்கிறது. பிறகு அதன் மேலுள்ள பீட்டா-2 என்ற வகை இன்டெக்ரின் சுவரை இறுகப் பற்றுகிறது. அதன்பின்தான் அணு சுவரைத் தாண்டிப் புண்ணுக்குள் இறங்கும். சீழ் என்பது பெரும்பாலும் அங்கே போராடி மடிந்த வெள்ளணுக்கள்தான்.

இந்தப் பிடி இல்லாமல் சில குழந்தைகள் பிறக்கின்றன. வெள்ளணு ஒட்டுக் குறைபாடு என்று இதைச் சொல்லலாம். 1980களில் டிமோதி ஸ்பிரிங்கர் முதலானோர் இதன் காரணத்தை இன்டெக்ரினில் கண்டார்கள். ஒரு மாதக் குழந்தைக்கு மைக்ரோலிட்டருக்குச் சுமார் 20,000க்குள் இருக்க வேண்டிய வெள்ளணு, இவர்களுக்கு லட்சத்தையும் தொடும். குழாய்க்குள் கூட்டம் நெரிய, புண்ணிலோ ஓர் ஆள் இல்லை. அதனால் புண் ஆறாது, சீழும் வைக்காது. சீழ் இல்லையே என்று தாய் ஆறுதல் கொள்வாள். எனக்கு நெஞ்சை அறுப்பது அந்த ஆறுதல்தான்.

முதல் அடையாளம் தொப்புளில் தெரியும். கொடி காய்ந்து உதிர்வதற்கும் வெள்ளணு வந்து சேர வேண்டும். வழக்கமாக ஒன்றிரண்டு வாரத்தில் விழுவது, இங்கே மூன்று நான்கு வாரம் தாண்டியும் தொங்கும், சுற்றிலும் சிவக்கும். கடுமையான வகையில் எலும்பு மஜ்ஜை மாற்று செய்யாவிட்டால் பல குழந்தைகள் இரண்டு வயதைத் தாண்டுவதில்லை.

இதே நோய் மாட்டுக்கும் உண்டு. 1952இல் அமெரிக்காவில் பிறந்த ஆஸ்போர்ன்டேல் ஐவன்ஹோ என்ற ஹோல்ஸ்டீன் காளையின் வழியாக, செயற்கைக் கருவூட்டலால் இந்தக் குறை உலகெங்கும் பரவியது. மரபணுவில் ஓர் எழுத்துதான் பிழை. 1992இல் அதைக் கண்டறிந்தபோது, அமெரிக்காவில் சோதித்த ஹோல்ஸ்டீன் காளைகளில் நூற்றுக்குச் சுமார் 14 அதைச் சுமந்திருந்தன. நம் தமிழ்நாட்டுச் சமவெளியில் ஜெர்சிக் கலப்பே அதிகம் என்றாலும், இந்தியாவின் உறைவிந்து நிலையங்களில் ஹோல்ஸ்டீன் காளைக்கு இந்தச் சோதனை இன்று கட்டாயம்.

காளைக்குக் கேட்கிற கேள்வியை நம் குழந்தைக்கும் கேட்க வேண்டாமா? தாய், தந்தை இருவரும் குறையைச் சுமந்தால், ஒவ்வொரு பிரசவத்திலும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. தாய்மாமன், அத்தை மகன் என்று சொந்தத்தில் கொடுத்து வாங்கும் நம் வீடுகளில் ஒரே பிழை இரு பக்கமும் வந்து சேர இடமுண்டு. யாரையும் குற்றம் சொல்ல இதைச் சொல்லவில்லை. நோய் மிக அரிது. பத்து லட்சத்தில் ஒன்று என்பார்கள். அறுவைப் பிரசவத்தாலும் கொடி தாமதிக்கலாம். தாமதம் மட்டுமே நோயல்ல.

வீடு தேடி வரும் சுகாதாரப் பணியாளர் பிறந்த குழந்தையை 3, 7, 14, 21, 28, 42ஆம் நாள்களில் பார்க்கும் முறை நாட்டில் இருக்கிறது. 21ஆம் நாள் அவர் குனிந்து, "கொடி என்னைக்கும்மா விழுந்துச்சு?" என்று கேட்டு, அந்தத் தேதியை அட்டையில் எழுதட்டும். விழவில்லை, தொப்புளும் சிவந்திருக்கிறது என்றால், அன்றே இரத்த அணுக்களை எண்ணிப் பார்க்கட்டும். அதற்குச் சில சொட்டு இரத்தம் போதும். எண்ணிக்கை எகிறியிருந்தால் அடுத்த சோதனைக்குப் பெரிய ஊர் போகலாம். மஜ்ஜை மாற்றுக்கு வேலூரில் கிறித்தவ மருத்துவக் கல்லூரி இருக்கிறது. உடன்பிறந்த குழந்தையின் மஜ்ஜை பொருந்தினால், அதிலிருந்து பிறக்கும் வெள்ளணுக்கள் வந்து சுவரைப் பற்றும்.