குளவிக்கு ஒரு வழக்குரை
(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில், புதியம்புத்தூரில் ஆற்றிய உரை)



வண்டினத்திற்கு நம் இலக்கியத்தில் தனி மதிப்புண்டு. குறுந்தொகையின் 2ஆம் பாடலில் தலைவன் தன் காதலியின் கூந்தல் மணத்தைப் பற்றித் தும்பியிடமே வினவுகிறான். குளவிக்கு அப்பேறு வாய்க்கவில்லை. அதன் சார்பில் இன்று வழக்காட வந்துள்ளேன்.

‘குளவி கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும்’ என்கிறோம். குருவின் அருளால் சீடன் உயர்வதற்கு இதனை உவமையாக்குகிறோம். நடப்பதோ வேறு. தாய்க்குளவி ஈரமண் எடுத்துக் கூடு கட்டுகிறது. கொட்டி மயக்கிய புழுக்களை உள்ளே இட்டு, முட்டையும் இட்டு, வாயிலை அடைத்துவிடுகிறது. முட்டையிலிருந்து வரும் குஞ்சு அப்புழுக்களைத் தின்று வளர்ந்து, குளவியாகிச் சுவரைத் துளைத்து வெளிவருகிறது. புழு குளவியாகவில்லை, குளவிக்கு உணவாகிறது.

இரையைக் குளவி கொல்வதில்லை, நரம்பு மையத்தில் கொட்டிச் செயலற்றதாக்குகிறது என்பதை 1855இல் விளக்கியவர் பிரெஞ்சு நாட்டுப் பள்ளி ஆசிரியர் ஃபாபர். அவர் கவிதையும் எழுதியவர். பூச்சிகளைப் பார்த்துப் பார்த்து அவர் எழுதியவை 10 தொகுதிகளாயின.

‘அத்திப்பழத்தைப் பிட்டுப் பார்த்தால் அத்தனையும் சொத்தை’ என்று பழிப்பதும் நம் வழக்கம். அத்தியின் பூக்கள் காய்க்குள்ளே மறைந்துள்ளன. மகரந்தம் சுமந்து உள்ளே நுழையும் சிறு குளவி, அங்கேயே முட்டையிட்டு மடிகிறது. அதன் வழித்தோன்றல்களே நாம் காணும் பூச்சிகள். ஆலுக்கும் அரசுக்கும் இவ்வாறே உரிய குளவிகள் உண்டு. அவை இல்லையேல் ஆலமரத்திற்கு விதையில்லை.

நம் கரிசலில் 2018க்குப் பின் மக்காச்சோளத்தைப் படைப்புழு அழித்ததை அறிவீர்கள். புழுக்களைப் பிடித்துச் செல்லும் குளவிகள் உண்டு. பூச்சியின் முட்டைக்குள் தன் முட்டையை இட்டு அதனை அழிக்கும் நுண்குளவிகளும் உண்டு. உழவர் ‘முட்டை ஒட்டுண்ணி’ என்று அட்டையில் வாங்கி வயலில் கட்டும் டிரைக்கோகிரம்மாவும் குளவியே. கண்மூடித் தெளிக்கும் மருந்து பகைவனோடு காவலனையும் கொல்கிறது. சூரியகாந்தியில் மணி பிடிக்கத் துணைசெய்யும் தேனீயும் அதில் மடிகிறது.

குளவி கூடு கட்டிய வீட்டில் மழலைக்குரல் கேட்கும் என்று நம் தாய்மார் அக்கூட்டை உடைக்காமல் விடுவர். கற்றோரின் உவமை செய்யாத நன்மையைக் கல்லாதாரின் நம்பிக்கை செய்திருக்கிறது.

திருநெல்வேலியில் 1912இல் பிறந்த மா. கிருஷ்ணன், பறவைகளையும் விலங்குகளையும் உற்றுநோக்கி எழுதினார். தாமே படமும் வரைந்தார். அத்தகைய பொழுதுபோக்கைக் கவிஞர்களிடம் வேண்டுகிறேன். தையல் எந்திரங்களின் ஒலி ஓயாத இவ்வூரிலும் சுவர் மூலையில் மண்கூடு இருக்கும். தனித்து வாழும் மண்குளவி, கையில் பிடித்தாலன்றிப் பெரும்பாலும் கொட்டாது. கூட்டமாக வாழும் கதண்டை மட்டும் நெருங்காதீர்கள். ஒரு குறிப்பேட்டில் நாள்தோறும் கண்டதை எழுதுங்கள். கூட்டை வரைந்து பாருங்கள்.

அடுத்த பத்தாண்டு மலரில், கண்டு எழுதிய குளவிக் கவிதை ஒன்றேனும் இடம்பெற வேண்டும். உவமை பழையதாக இருக்கலாம், பொய்யாக இருத்தலாகாது.