பெட்ரோலும் பகுத்தறிவும்

(பெண்ணாடம் கூட்டத்தில் பேசியதன் சுருக்கம்)



விலை கூடிய பெட்ரோல் போட்டால் வண்டிக்குச் சக்தி கூடுமென்று நம்மவர்கள் நம்புகிறார்கள். இங்கிருந்து விருத்தாசலத்துக்கு வாடகைக் கார் ஓட்டும் தோழர் ஒருவர், அன்றாட வரும்படியில் ஒரு பங்கை இந்த நம்பிக்கைக்கே கொட்டியழுகிறார். இது நியாயமா?

ஆக்டேன் என்பது சக்தியின் அளவல்ல. எஞ்சினுக்குள் காற்றோடு சேர்த்து அழுத்தும்போது, பெட்ரோல் தானாகத் தீப்பற்றிக்கொள்ளாமல் தாங்குகின்ற குணத்தின் அளவேயாகும். 2020 டிசம்பரில் இந்தியன் ஆயில் கொண்டுவந்த 100 ஆக்டேன் பெட்ரோலும் அழுத்தம் மிகுந்த எஞ்சின்களுக்கே ஏற்றது. அழுத்தம் குறைந்த சாதாரணக் காரில் அதற்கு வேலை ஏது?

விற்பவரைக் கேட்க வேண்டாம். என்னையும் நம்ப வேண்டாம். வண்டியோடு கொடுத்த புத்தகத்தைப் புரட்டுங்கள். அது 95 கேட்டால் 95 போடுங்கள். கேட்காவிட்டால், அந்தக் காசு பிள்ளைகள் படிப்புக்கு ஆகட்டும்!