ஏழு பேர்ச்சஸில் எந்த வீடு?

(தோட்டக் கூட்டம் ஒன்றில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



வீட்டுத் திட்டத்துக்குப் பேர் கொடுத்தவர்களும், இனிமேல் கொடுக்கப் போகிறவர்களும் என்னிடம் கேட்கிற கேள்வி ஒன்றுதான். "சார், காணி சின்னது. எந்த மாதிரி வீடு கட்டினா நல்லது?" அதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப் போகிறேன்.

லயத்தில் இந்தக் கேள்வியே வரவில்லை. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா, முன்னால் ஒரு இஸ்தோப்பு. யாரோ கட்டினார்கள், நாம் இருந்தோம். 1992இல் தோட்டங்கள் கம்பனிகளின் நிர்வாகத்துக்குப் போனபோது, வீடமைப்புக்கும் சமூக நலனுக்கும் என்று ஒரு நிதியம் அமைந்தது. அதற்குப் பிறகுதான் இரட்டை வீடு, 7 பேர்ச்சஸில் தனி வீடு என்று பேச்சுப் பரவியது. இந்திய உதவியில் 4,000 வீடுகள் வந்தன. 2017 மே 12ஆம் திகதி நோர்வூட் மைதானத்தில் இன்னும் 10,000 வீடுகள் என்று இந்தியப் பிரதமர் அறிவித்தார். சில திட்டங்களில் இப்போது 10 பேர்ச்சஸ் என்ற கணக்கும் வந்திருக்கிறது. ஆக, எப்படிக் கட்டுவது என்று யோசிக்க வேண்டிய பொறுப்பும் நம்மிடம் வந்துவிட்டது.

முதலில் அளவைத் தெரிந்துகொள்வோம். ஒரு பேர்ச் என்பது 272 சதுர அடியும் காலும். ஏழு பேர்ச்சஸ் ஏறக்குறைய 1,905 சதுர அடி. அகலம் 38 அடி, நீளம் 50 அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். திட்ட வீடு 550 சதுர அடி, அதாவது 25க்கு 22 அடி. காணியில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. "அப்போ மிச்ச இடம் சும்மாதானே கிடக்கு, பெரிசாக் கட்டுவோம்" என்று எண்ணத் தோன்றும். அது சும்மா கிடக்கிற இடம் இல்லை. இரண்டு காரியத்துக்காக அதை விட்டுவைக்க வேண்டும். ஒன்று தண்ணீர் போக, மற்றது நாளைக்கு வரப்போகிற குடும்பம் இருக்க.

தண்ணீரைப் பார்ப்போம். நான் தீவுப்பகுதி ஆள். புங்குடுதீவில் இறுப்பிட்டி எங்கட ஊர். அங்கே வளவு பெரிசு, ஆனால் நல்ல தண்ணீர்க் கிணறு அமைவது அபூர்வம். வீடு என்றால் எங்கட ஆட்கள் முதலில் கேட்பது தண்ணீர் எங்கே இருக்கிறது என்று. இங்கே மலையில் முதலில் கேட்க வேண்டியது, தண்ணீர் எந்த வழியால் போகும் என்று.

சரிவை வெட்டி, அந்த மண்ணை முன்பக்கம் கொட்டி, மட்டம் பண்ணித்தான் இங்கே வீடு கட்டுகிறோம். முன்பக்கம் காட்சி நன்றாக இருக்கிறது என்று பாதி வீட்டை அந்தக் கொட்டின மண்ணில் வைத்தால், இரண்டு மழைக்குள் மண் இறங்கும், சுவர் வெடிக்கும். வீடு முழுக்க வெட்டின கெட்டித் தரையில் இருக்கட்டும். கொட்டின மண் முற்றமாகட்டும், கீரைப் பாத்தியாகட்டும். பின் சுவரை மண் திட்டோடு ஒட்டி வைக்காதீர்கள். நம்முடைய 50 அடியில் பின்னால் 8 அடி விட்டு, அதில் கானை வெட்டி, தண்ணீரைக் காணிக்கு வெளியே உள்ள பொதுக் கானுக்குக் கொண்டுபோங்கள். அடுத்த வீட்டுக்காரர் தலையில் விட்டால் சண்டைதான் வரும். திட்டுக்குக் கல் அணை கட்டினால், தண்ணீர் கசிந்து வெளியே வரத் துவாரம் விடச் சொல்லுங்கள். துவாரம் இல்லாத அணை தண்ணீர் கட்டிக்கொண்டு ஒருநாள் மொத்தமாகச் சாயும்.

இதெல்லாம் காணி நல்ல இடத்தில் இருந்தால்தான். 2014 அக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். அந்த இடம் ஆபத்தானது என்று அதற்கு முன்பே எச்சரிக்கை வந்திருந்தது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மழையில் மலைநாட்டில் எத்தனையோ இடத்தில் மண் சரிந்தது. ஆகவே காணித் துண்டு காட்டப்பட்ட உடனே சந்தோஷத்தில் தலையாட்டாமல், தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கை இருக்கிறதா என்று கேளுங்கள். நீங்களும் கண்ணால் பாருங்கள். மரங்கள் சாய்ந்து வளைந்து நிற்கிறதா? தரையில் வெடிப்பு இருக்கிறதா? இல்லாத இடத்தில் புதிதாக ஊற்று வருகிறதா? இருந்தால் அங்கே எந்த வீடும் வேண்டாம். கூட்டத்தில் எழுந்து சொல்லுங்கள்.

இனி, வரப்போகிற குடும்பம். யாழ்ப்பாணத்துப் பக்கம் பொம்பிளைப் பிள்ளைக்கு வீடு சீதனம். வளவு பெரிசு என்பதால் பக்கத்தில் இன்னொரு வீடு எழும்பும். இங்கே ஏழு பேர்ச்சஸை இரண்டாகப் பிரித்தால் இரண்டு பேருக்கும் உதவாது. மகனுக்குக் கல்யாணம் என்றால் இஸ்தோப்பைத் தகரத்தால் அடைத்து அறையாக்குகிறோம். காற்றும் போச்சு, வெளிச்சமும் போச்சு, மாமியார் மருமகள் பேச்சும் போச்சு.

அதனால் வீட்டைக் காணியின் நடுவில் வைக்காதீர்கள். பிரதேச சபை சொல்லுகிற எல்லை தூரத்தை விட்டு, ஒரு பக்கமாக ஒதுக்கி வையுங்கள். மற்றப் பக்கம் பத்து அடி அகலத்தில் ஒரு அறைக்கு இடம் கிடைக்கும். அந்தப் பக்கச் சுவரில் பிறகு கதவு வைக்க இப்போதே இடம் விட்டு மேல் லின்டலைப் போட்டுவிட்டால், நாளைக்கு வீட்டை உடைக்கத் தேவையில்லை. மலசலகூடக் குழியையும் அந்த இடத்தில் தோண்டாதீர்கள். குழி, குடிதண்ணீர் ஊற்றுக்கு மேலேயும் வேண்டாம்.

"மாடி கட்டினா என்ன?" என்று இளம் பிள்ளைகள் கேட்கிறார்கள். கட்டலாம். ஆனால் மாடிக்கு அத்திவாரமும் கம்பித் தூணும் முதல் நாளே வேண்டும். சாதாரணக் கருங்கல் அத்திவாரத்தின் மேல், கல் சுவர் வீட்டில் பிறகு மாடி ஏற்ற முடியாது. சரிவு நிலத்தில் அவ்வளவு பாரம் ஏற்றலாமா என்று மேசன் பாஸ் சொன்னால் போதாது, பொறியியலாளர் பார்த்துச் சொல்ல வேண்டும். அந்தக் காசு கையில் இல்லாதவர்களுக்குப் பக்கவாட்டில் ஒரு அறைதான் சரி. இரட்டை வீடு கிடைத்தவர்களுக்கு ஒரு சுவர் பொதுச் சுவர். வளர்க்க மற்றப் பக்கம்தான் உண்டு. அந்தப் பக்கத்தை விறகுக் கொட்டிலும் கோழிக் கூடும் போட்டு அடைக்காதீர்கள்.

காசைப் பற்றியும் சொல்ல வேண்டும். யுத்தத்துக்குப் பிறகு வடக்கு கிழக்கில் இந்திய வீட்டுத் திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 5 லட்சத்து 50 ஆயிரம் ரூபா தவணை தவணையாகக் கொடுத்தார்கள். சொந்தமாகக் கட்டினவர்களில் பலர் ஆசையில் அத்திவாரத்தைப் பெரிதாகப் போட்டு, நகையை அடகு வைத்து, கடன்பட்டார்கள். கூரை ஏறியும் பூச்சில்லாமல், கதவில்லாமல் நின்ற வீடுகள் உண்டு. கொழுந்து எடுத்து வருகிற சம்பளத்தில் அந்தக் கடன் தலைமுறைக்கும் நிற்கும். சின்ன வீடாக இருந்தாலும் முடிந்த வீடாக இருக்கட்டும். வளருகிற அறை காசு சேர்ந்த பிறகு வரட்டும்.

கடைசியாக ஒரு வேலை தருகிறேன். பாஸ் வருவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பமாகக் காணிக்குப் போங்கள். முளை அடித்து, கயிறு கட்டி, அறைகளைத் தரையில் குறியுங்கள். குசினி எங்கே என்பதை அடுப்பு எரிக்கிற அம்மா சொல்லட்டும். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, புகை எந்த அறைக்குப் போகும் என்று அவவுக்குத் தெரியும். பிள்ளை படிக்கிற இடத்தைப் பிள்ளையே காட்டட்டும். கயிற்றை இழுத்து மாற்றக் காசு செலவில்லை, சுவரை மாற்றத்தான் செலவு. காணிப் பத்திரம் கைக்கு வரும்போது புருசன், பெண்சாதி இரண்டு பேருடைய பெயரும் இருக்கிறதா என்றும் கேட்டுப் பாருங்கள்.

சந்தேகம் இருந்தால் அளவை ஒரு தாளில் கீறிக்கொண்டு என்னிடம் வாருங்கள், சேர்ந்து பார்ப்போம்.